கண்ணாடி போல் ஒரு கார்பன் பொனட்

தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், வாகனப் பாகங்கள் தயாரிக்கும் பட்டறை நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



எனக்கு முன் பேசிய நண்பர், நம் பிள்ளைகள் சம்பளம் கைக்கு வந்ததும் காரை அலங்கரிப்பதிலேயே காசைக் கரைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். கைத்தட்டலும் கிடைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மைதான். மறு பாதியைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன். ஒரு பையன் கார்பன் ஃபைபர் பொனட் வாங்குகிறான் என்றால், அதை யாரோ ஒருவர் செய்து விற்கிறார் அல்லவா? அந்தச் செய்கிறவர் இடத்தில் நம் பிள்ளை ஏன் நிற்கக்கூடாது? வாங்குகிறவனைத் திட்டுவது சுலபம். செய்கிறவனை உருவாக்குவதுதான் சிரமம்.

ஆகவே இன்றைக்குப் பொதுவாக "இளைஞர்களே விழித்தெழுங்கள்" என்று பேசப் போவதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். கார்பன் ஃபைபரில் கார் பொனட், பூட் மூடி, ஃபெண்டர் போன்ற உடற்பாகங்களைச் செய்வது; செய்தால் மட்டும் போதாது, மேற்பரப்பு கண்ணாடி போல் இருக்கும்படி செய்வது. இந்தத் தொழிலில் காசு கிடைப்பதும் அந்தப் பளபளப்பில்தான், பெயர் கெடுவதும் அந்தப் பளபளப்பில்தான்.

இது புதிய பொருளும் அல்ல. வலுவான கார்பன் இழையைச் செய்யும் முறையை 1960களில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்திலும், அதே காலத்தில் ஜப்பானிலும் கண்டறிந்தார்கள். 1981-இல் மெக்லாரன் குழு, ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்பி4/1 என்ற ஃபார்முலா ஒன் காரின் உடற்கூட்டையே கார்பனில் செய்தது. "இது மோதினால் கரித்தூளாகப் போய்விடும்" என்று பேசியவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் மொன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் அந்தக் காரை மோதினார். கார் இரண்டாகப் பிரிந்தது. மனிதர் எழுந்து நடந்து வந்தார். அதன்பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த வழிக்கு வந்தார்கள். நம் நாட்டில் 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் ஃபார்முலா ஒன் நடந்தபோது, நம்மில் எத்தனையோ பேர் வேலிக்கு வெளியே நின்று அந்தக் கறுப்பு நெசவைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். சாலையில் ஓடும் கார்களில் 2000-ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வி-ஸ்பெக் 2 கார்பன் பொனட்டோடு வந்தது. நம் பையன்களின் ஆசைக்கு விதை போட்டதில் அதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். மலாக்கா பத்து பெரெண்டாமில் 1990-இல் தொடங்கிய சிடிஆர்எம் நிறுவனம் ஏர்பஸ் விமானங்களுக்கு இறக்கைப் பாகங்களைச் செய்து அனுப்புகிறது. கலப்புப் பொருளில் வேலை செய்வதை மலேசியக் கைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

துணியும் பசையும்

கார்பன் ஃபைபர் என்றதும் ஏதோ உலோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துணி. ஒரு இழையின் தடிமன் ஏறக்குறைய 7 மைக்ரான்; தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 3,000 இழைகளை ஒன்றாகச் சேர்த்தது ஒரு கற்றை. அந்தக் கற்றைகளை நம் ஊர் பாய் மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் நீங்கள் பார்க்கும் அந்தச் சாய்கோட்டு நெசவு கிடைக்கிறது. பட்டறையில் இதை ட்வில் என்போம். வெறும் துணியாக இருக்கும்போது அதைச் சுருட்டி வைக்கலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம். ரெசின் என்ற பசையில் நனைத்து இறுகவிட்டால்தான் அது தகடாகிறது. இறுகிய பிறகு அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.6, எஃகின் அடர்த்தி 7.8. எடை குறைவதன் இரகசியம் இவ்வளவுதான்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். துணியின் குணம் வேறு, ரெசினின் குணம் வேறு. சூடு பட்டால் எபொக்சி ரெசின் எஃகைப்போல நான்கைந்து மடங்கு விரியும். கார்பன் இழையோ நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. இரண்டு கற்றைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். அங்கே ரெசின் கூடுதலாகத் தேங்கி நிற்கும். இறுகும்போதும் ஆறும்போதும் அந்த ரெசின் சுருங்குகிறது. கற்றை சுருங்குவதில்லை. விளைவு, மேற்பரப்பில் பாய் நெசவு அப்படியே மேடு பள்ளமாக எழும்பி நிற்கிறது. சில மைக்ரான் அளவுதான். ஆனால் பளபளப்பான பரப்பில் நம் கண் அந்தச் சில மைக்ரானைக் கண்டுபிடித்துவிடும். பொனட்டில் தெரியும் குழல் விளக்கின் நிழல் நேர்கோடாக இல்லாமல் இரம்பப் பல்லாகத் தெரியும். தொழிலில் இதை "பிரிண்ட் துரூ" என்கிறோம். நெசவு மேலெழுவது என்று தமிழில் சொல்லலாம். இன்றைய என் பேச்சில் வில்லன் இவன்தான்.

போன ஆண்டு ஒரு தம்பி பொனட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது. வாங்கிய அன்று முகம் பார்க்கலாம் போல் இருந்ததாம். நான்கு மாதம் கழித்துக் கையால் தடவினால் நெசவு விரலில் தட்டுப்பட்டது; ஓரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது; பூட்டுக் கொக்கி பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. விற்றவரிடம் போனதற்கு, "நீங்கள் வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள்" என்றாராம். மலேசியாவில் காரை வெயிலில் நிறுத்தாமல் குளிர்சாதனப் பெட்டியிலா வைக்க முடியும்? அந்தத் தம்பிக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அச்சில் இல்லாதது பொருளில் வராது

கார்பன் பொனட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்பு பிறக்கும் இடம் அச்சு. மோல்ட் என்கிறோமே, அது. மோல்டின் உட்புறம் எப்படி இருக்கிறதோ அப்படியே பொனட்டின் வெளிப்புறம் வரும். அம்மா இட்லித் தட்டில் ஒரு பள்ளம் இருந்தால் எல்லா இட்லியிலும் அந்த மேடு இருக்குமே, அதே கதைதான்.

மோல்ட் எடுக்க முதலில் ஒரு மூலவடிவம் வேண்டும். பெரும்பாலும் காரின் அசல் பொனட்டையே வைத்து எடுப்பார்கள். அசல் பொனட்டில் ஒரு சின்னக் கல் அடித்த தழும்பு இருந்தாலும் அது மோல்டில் பதிந்து, மோல்டில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு பொனட்டிலும் வரும். ஆகவே மூலவடிவத்தை ஈரமாகத் தேய்க்க வேண்டும். 400 மணல் தாள், பிறகு 800, 1200, 2000, அதற்குமேல் மெருகுப் பசை. ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் அடியில் ஒளிந்துகொள்ளும். பிறகு ஒட்டாமலிருக்க மெழுகு, ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. இந்த வேலை ஒரு பொனட்டுக்கு மூன்று நான்கு நாள் எடுக்கும். இளைஞர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். எனக்குத் தெரிந்து, இந்த மூன்று நாளைக் கடந்தவர்கள் மிச்ச வேலையைச் சுலபமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

மோல்ட் செய்யும்போதும் நெசவு மேலெழும் வேலை நடக்கும். மோல்டின் முதுகுக்குத் தடித்த ஃபைபர் கிளாஸ் பாயை அவசரமாக அடுக்கினால், அந்தப் பாயின் நார் வடிவம் உட்புறப் பளபளப்பில் பதிந்துவிடும். அதனால் ஜெல்கோட் பூச்சுக்கு அடுத்தபடி மெல்லிய திசு போன்ற கண்ணாடி நார். அது இறுகிய பிறகுதான் தடித்த பாய். ஒரே நாளில் முழுத் தடிமனும் ஏற்றக்கூடாது, சூடு பிடித்து வளைந்துவிடும். மோல்டையும், மூலவடிவம் உள்ளே இருக்கும்போதே சூடேற்றிப் பக்குவப்படுத்திவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். மூலவடிவம் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பிரித்துவிட்டு, பிறகு சூட்டில் வைத்துப் பொனட் செய்தால் மோல்ட் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும்.

காற்றை வெளியேற்றும் கலை

மோல்ட் தயார். இனி துணி போடும் வேலை. இதில் மூன்று வழிகள். கையால் தூரிகை வைத்து ரெசின் தடவுவது ஒன்று. காய்ந்த துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு மூடி, பம்பினால் காற்றை உறிஞ்சி, அந்த உறிஞ்சலிலேயே ரெசினை உள்ளே இழுக்கவிடுவது இரண்டாவது, இன்ஃபியூஷன் என்பார்கள். ரெசின் ஏற்கெனவே ஊட்டப்பட்ட துணியை உறைகுளிரில் வைத்திருந்து எடுத்து, அழுத்தமும் சூடும் உள்ள பெரிய கலனில் வேகவைப்பது மூன்றாவது. பந்தயக் கார்களும் விமானமும் மூன்றாவது வழி. கலனின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். சிறு பட்டறைக்கு ஏற்றது இரண்டாவது வழிதான் என்பது என் கருத்து. கைத்தூரிகை முறையில் ரெசின் அதிகமாகிவிடுகிறது. எடை குறையும் என்று வாங்கிய கார்பன் எடை கூடிப் போகிறது.

வெற்றிட பம்பின் சக்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பைக்குள் காற்று முழுவதும் போய்விட்டால், வெளியில் இருக்கும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 டன் எடையோடு அமுக்கும். ஒரு பெரிய பொனட்டின் மேல் மூன்று யானை ஏறி நிற்பது மாதிரி. அதுவும் ஒரு இடத்தில் கூடாமல் குறையாமல், சமமாக. ஆனால் பையில் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால் போதும். அந்த வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்து, மேற்பரப்பு முழுக்க ஊசித்துளை ஊசித்துளையாகப் போட்டுவிடும். அதனால் ரெசினைத் தொடுவதற்கு முன் பம்பை நிறுத்தி, குழாயை இறுக்கி, மானியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். முள் இறங்கினால் ஓட்டை இருக்கிறது. தேடுங்கள். காது வைத்துக் கேளுங்கள். என் பட்டறையில் இந்த அரை மணி நேரத்தில் யாரும் வானொலி போடக்கூடாது.

ரெசினைக் கலக்கும்போது அடிக்கும் நுரைகூட ஊசித்துளையாக வரும். கலந்ததை ஒரு வெற்றிடக் கலனில் வைத்து நுரையை எடுத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மேற்பரப்பு முழுமையாக வர இன்னொரு உத்தி உண்டு. மோல்டில் முதலில் தெளிவான எபொக்சி மேற்பூச்சு ஒன்றைத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, அதன்மேல் துணியைப் போடுவது. பதம் முக்கியம். பச்சையாக இருந்தால் துணி அதில் முங்கிவிடும். முழுதாகக் காய்ந்திருந்தால் பின்னால் உரிந்து வரும். அல்வா கிண்டிய கைகளுக்கு இந்தப் பதம் புரியும்.

ஃபைபர் கிளாஸ் வேலையில் பழகியவர்கள் கார்பனுக்கு வரும்போது ஒரு பழக்கத்தைக் கூடவே கொண்டுவருகிறார்கள். பாலியெஸ்டர் ரெசினில் இறுக்கியை ஒரு சொட்டு கூட்டியோ குறைத்தோ வேகத்தை மாற்றலாம். எபொக்சியில் அது நடக்காது. 100-க்கு 30 என்று போட்டிருந்தால் 100-க்கு 30தான். தராசில் நிறுத்துப் போட வேண்டும். கூட்டினால் வேகமாகாது, என்றைக்குமே சரியாக இறுகாது. வேகம் வேண்டுமென்றால் வேக இறுக்கி, நிதானம் வேண்டுமென்றால் நிதான இறுக்கி என்று தனித்தனி டின்னில் வருகிறது. நம் ஊர் வெக்கைக்கு நிதான இறுக்கிதான் சரி. ஒரு கிலோவை ஒரே குவளையில் கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனீர்கள் என்றால், திரும்பி வரும்போது குவளையிலிருந்து புகை வரும்.

விலை மலிவான கார்பன் பொனட்டுகளில் பல, எபொக்சியே இல்லாமல் பாலியெஸ்டரில் செய்யப்பட்டவை. பாலியெஸ்டர் இறுகும்போது கொள்ளளவில் 7 விழுக்காடு வரை சுருங்கும். எபொக்சி அதைவிடக் குறைவாகத்தான் சுருங்கும். எந்தப் பொனட்டில் நெசவு சீக்கிரம் மேலே வரும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

வெயில் வைக்கும் பரீட்சை

அந்தத் தம்பியின் பொனட்டுக்கு என்ன நேர்ந்தது? பட்டறையின் நிழலில் 30 பாகை செல்சியஸில் இறுகிய எபொக்சி, அந்தச் சூட்டுக்குச் சற்று மேலே வரைதான் கெட்டியாக நிற்கும். பல ரெசின்கள் 50, 60 பாகையைத் தொட்டதுமே இளகத் தொடங்கும். கறுப்புப் பொனட் நண்பகல் வெயிலில் 70, 80 பாகை வரை போகும். கீழே இன்ஜின் சூடு வேறு. வெயிலில் நிறுத்திய முதல் நாளே அந்தப் பொனட் மீண்டும் வேகிறது. மிச்சமிருந்த இறுக்கமும் அப்போது நடக்கிறது, சுருக்கமும் அப்போது நடக்கிறது. பளபளப்புப் பூச்சு மேலே இருக்க, அடியில் இருக்கும் ரெசின் சுருங்கி நெசவை மேலே தள்ளுகிறது. வெயில் குற்றவாளி இல்லை. வெயில் செய்ததைப் பட்டறையிலேயே செய்திருக்க வேண்டும்.

இதற்குப் பெயர் பின்பதப்படுத்தல், போஸ்ட் கியூர். ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்து, உள்ளே வெப்பத்தடுப்புப் போட்டு, சூடேற்றியும் விசிறியும் வைத்தால் அடுப்பு தயார். பெரிய செலவு இல்லை. பாகம் மோல்டிலேயே இருக்க வேண்டும், அதுதான் உத்தமம். சூட்டை மணிக்கு 10 பாகை வீதம் மெதுவாக ஏற்றி, ரெசின் தாளில் போட்டிருக்கும் சூட்டில் போட்டிருக்கும் மணி நேரம் வைத்து, மெதுவாகவே இறக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் இளகிய நிலையில் வளைந்துவிடும். பூட்டப்பட்ட நிலையில் கறுப்புப் பொனட்டுக்கு வரக்கூடிய சூட்டைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் ரெசினாகப் பார்த்து வாங்க வேண்டும். டின்னில் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது வரிசை. முதலில் பின்பதப்படுத்தல். அதில் நெசவு எழும்ப வேண்டிய அளவு எழும்பி முடிந்துவிடும். பிறகுதான் மணல் தாளால் சமன் செய்வது. பிறகுதான் கிளியர் பூச்சு. இந்த வரிசையை மாற்றி, முதலில் பூச்சு அடித்துவிட்டுச் சூடேற்றினால், நீங்கள் செய்த மூன்று நாள் தேய்ப்பும் வீண். சமன் செய்யும்போது கார்பன் இழையைத் தேய்த்துவிடக் கூடாது. கறுப்புத் தூள் வந்தால் நிறுத்துங்கள். அந்த இடம் பிறகு மங்கலாகத் தெரியும். அதற்குத்தான் முதல் மேற்பூச்சுக்குத் தேவையான தடிமன் விட்டுச் செய்வது.

மஞ்சள் ஏறியதற்குக் காரணம் வேறு. எபொக்சிக்குச் சூரியனின் புறஊதாக் கதிர் ஆகாது. என்னதான் நல்ல எபொக்சி ஆனாலும் திறந்து விட்டால் மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன் கிளியர், புறஊதாத் தடுப்போடு, கட்டாயம் மேலே வேண்டும். அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேய்த்து மறுபடி அடிக்க வேண்டிய பொருள்தான். வாழ்நாள் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

நம் நாட்டின் ஈரக்காற்றும் ஒரு தொல்லை. மாலை மழை பிடித்துக்கொண்டால் திறந்த எபொக்சியின் மேல் மெழுகு போல் ஒரு வழுவழுப்புப் படியும். அதைத் துடைக்காமல் கிளியர் அடித்தால் கிளியர் மீன் கண் மாதிரி விலகும், பிறகு உரியும். மருந்து எளிது: வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்க்கும் பஞ்சும். முதலில் கழுவுங்கள், பிறகு தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகையே மணல் தாள் பரப்பெங்கும் பூசிவிடும். உறைகுளிரில் வைக்கும் துணியையும் பையோடு வெளியே எடுத்து, பட்டறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். குளிராக இருக்கும்போது பிரித்தால், குளிர்பானப் போத்தலில் வேர்ப்பது போல் துணியில் வேர்க்கும்.

நெசவு நேராக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொனட்டின் நடுக்கோட்டில் துணியின் கோடும் ஒத்துப் போக வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் வாங்குகிறவர் கண்ணில் குத்தும். வளைவுகளில் துணியை இழுக்காதீர்கள், தட்டிக் கொடுங்கள். புடவை கட்டத் தெரிந்தவர்கள் இந்த வேலையில் ஆண்களைவிடக் கெட்டிக்காரர்கள். சிரிக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். என்னிடம் துணி அடுக்கும் வேலையில் சிறந்தவர்கள் இருவர் பெண்கள்.

கொக்கியும் கீலும்

பொனட் என்பது அழகுக்கு மட்டும் அல்ல. எஃகுப் பொனட்டின் உட்சட்டத்தில் மோதும்போது மடிவதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். அது நடுவில் மடிந்து, பயணிகள் பக்கம் வராமல் இருப்பதற்காக. கார்பன் மடியாது. ஆகவே உட்சட்டம் இல்லாமல் வெறும் தோலாக ஒரு பொனட்டைச் செய்து விற்பது எனக்கு உடன்பாடில்லை. பூட்டுக் கொக்கி வரும் இடத்திலும் கீல் வரும் இடத்திலும் கூடுதல் அடுக்குகள் வேண்டும்; உலோகத் தகடு பதிக்க வேண்டும். அந்த உலோகம் கார்பனை நேரடியாகத் தொடக்கூடாது. தொட்டால், ஈரம் பட்டதும் மின்கலம் மாதிரி வேலை செய்து உலோகம் அரித்துவிடும், குறிப்பாக அலுமினியம். நடுவே ஒரு அடுக்குக் கண்ணாடி நார் போட்டால் தீர்ந்தது. அந்தத் தம்பியின் பொனட்டில் கொக்கியை வெறும் இரண்டு அடுக்குத் துணியில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அது திறந்து கண்ணாடியில் அடித்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பூச்சை நான் சரிசெய்ய ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் கொக்கி, பிறகுதான் அழகு என்று சொல்லி, அதை மட்டும் கட்டிக் கொடுத்தேன். பொனட்டை மாற்றும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதற்குக் காசு இல்லை.

மூச்சும் தோலும்

அரங்கில் இருக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எபொக்சி கையில் பட்டால் முதல் நாள் ஒன்றும் செய்யாது. பத்தாவது நாளும் செய்யாது. ஒரு நாள் திடீரென்று கை முழுக்கத் தடித்து அரிக்கும். அதன்பிறகு டின்னைத் திறந்த வாசத்துக்கே உடம்பு தடிக்கும். ஒவ்வாமை ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் விடாது, தொழிலையே விட வேண்டி வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள்ளே கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போதும்.

கிளியரில் இருக்கும் ஐசோசயனேட் இன்னும் பொல்லாதது. ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டையும் மருந்தகத்தில் வாங்கும் முகக்கவசமும் அதைத் தடுக்காது. தெளிக்கும் வேலைக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். தேய்க்கும் தூளுக்கு ஈரத்தில் தேய்ப்பதும், நுண்துகள் தடுக்கும் கவசமும். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். சுவிட்சுப் பெட்டிக்குள் போனால் தீப்பொறி. சிறு பட்டறைகளில் பையன்களை வெறும் சட்டையோடு தெளிக்கவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, முகமூடி கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கொடுக்காத முதலாளியிடம் அனுப்பாதீர்கள்.

வாங்குவோருக்கு

வாங்கித்தான் தீருவேன் என்ற தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. குழல் விளக்கின் கீழே வைத்து, விளக்கின் நிழல் பொனட்டின் மேல் நகரும்படி நீங்கள் நகர்ந்து பாருங்கள். கோடு உடைந்தால் பரப்பு சரியில்லை. திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். மேலே ஒரு அடுக்குக் கார்பன், அடியில் முழுக்க ஃபைபர் கிளாஸ் என்றால் அதற்குரிய விலையைக் கொடுங்கள், கார்பன் விலையைக் கொடுக்காதீர்கள். தூக்கிப் பாருங்கள். சூட்டில் பதப்படுத்தியதா, எத்தனை பாகையில் என்று கேளுங்கள். செய்தவருக்கு அந்த எண் தெரியும். "அதெல்லாம் போட்டாச்சு" என்பவரிடம் வாங்காதீர்கள்.

நெறியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். வெற்றிட பம்ப், தராசு, ஒட்டுப்பலகை அடுப்பு, கையுறை, முகமூடி, மணல் தாள், மோல்டுக்கான பொருள்; ஒரு சிறு பட்டறையின் மூலையில் இதைத் தொடங்கலாம். இயந்திரத்தைவிட நாள்தான் அதிகம் செலவாகும். முதலில் பொனட்டைத் தொடாதீர்கள். பக்கக் கண்ணாடியின் மூடி ஒன்றைச் செய்யுங்கள், உள்ளங்கை அளவு. அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்து, ஒரு மாதம் கூரைமேல் வெயிலில் போடுங்கள். மாதம் முடிந்து எடுக்கும்போது விளக்கின் கோடு நேராக இருந்தால், அந்த மூடியை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். வேலை இருக்கிறது.